கொப்பியின் பின்பக்கத்தில் இருப்பவர்களுக்கு

மண்டூரிலிருந்து எழுதுகிறேன். என் கணவர் இறந்து, அவருடைய 31ஆம் நாள் அமுது போன கிழமை முடிந்தது. பந்தல் கழற்றியாச்சு, கதிரைகள் எல்லாம் போயாச்சு, தூரத்திலிருந்து வந்த சொந்தங்களும் திரும்பிவிட்டார்கள். வாசலில் நின்று கைகூப்பினதைத் தவிர அன்றைக்கு ஒருவரோடும் ஒழுங்காக ஒரு வார்த்தை பேச என்னால் முடியவில்லை. அதனால்தான் இந்த மடல்.

அவருக்குச் சைக்கிள் கடை. கடைக் கொப்பியில் முன்பக்கத்திலிருந்து, யார் எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கு இருக்கும். சிறுநீரக வருத்தம் வந்த பிறகு அதே கொப்பியைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து வேறொரு கணக்கு எழுதியிருக்கிறார். எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அடுத்த நாள்தான் நான் அதைப் பார்த்தேன். "செவ்வாய். பாதை எனக்காக 10 நிமிசம் பிந்திப் போனது." "கல்லாற்றுத் தம்பி, இரத்தம் தந்தார்." "பஸ்ஸில் எழும்பி இடம் விட்ட பிள்ளை. பெயர் கேட்க மறந்துட்டேன். நீலப் பை." இப்படி 3 வருடக் கணக்கு. இவர்களுக்கெல்லாம் அவர் திருப்பிக் கொடுக்க நினைத்திருந்தார். எப்படி என்று எனக்குத் தெரியாது, ஆனால் நினைத்திருந்தார். நான் பெயர் போட்டு எழுதினால் யாராவது விடுபட்டுப் போவார்கள். வாசிக்கும்போது உங்களுக்கே தெரியும்.

முதலில் பாதைக்காரர்களுக்கு. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் பாதை என்றால் றோட்டு இல்லை. வாவியைக் கடக்கிற மிதவை. மண்டூரில் ஏறினால் அக்கரையில் குறுமண்வெளி. அங்கிருந்து பெரிய றோட்டுக்குப் போய் மட்டக்களப்பு பஸ் எடுக்க வேண்டும். கிழமைக்கு 2 நாள், வெள்ளாப்பில் அவரைக் கூட்டிக்கொண்டு போவேன். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்த பிறகு, இரத்தத்தை மெசினில் சுத்தம் செய்துதான் அவர் உயிரோடு இருந்தார். ஒரு தடவைக்கு 4 மணித்தியாலம். முடிந்து வரும்போது கால் தள்ளாடும், கை குளிர்ந்திருக்கும். பின்னேரப் பாதையில் ஏறினால் யாரோ ஒருவர் எழும்பி அவரை உட்கார வைப்பார். ஒருநாள் கூட நான் கேட்க வேண்டி வரவில்லை.

அவருடைய இடது கையில், முழங்கைக்குக் கொஞ்சம் கீழே, நாடியையும் நாளத்தையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் தேன்பூச்சிக் கூடு மாதிரி உள்ளே விறுவிறு என்று இரையும். இரைச்சல் இருந்தால்தான் கை நல்லாயிருக்கிறது என்று தாதிப் பிள்ளைகள் சொல்லித் தந்தார்கள். அந்தக் கையில் பாரம் தூக்க ஒண்ணாது, பிரஷர் பார்க்கவும் ஒண்ணாது. படுக்கும்போது அது உடம்புக்கு அடியில் போகாமல் பார்க்க வேணும். ராவில் அவர் அசந்து நித்திரை கொள்ளும்போது நான் எழும்பி அதில் கை வைத்துப் பார்ப்பேன். பேரனோ காதை வைத்துக் கேட்பான். "என்ன மனே, மத்தளம் கேக்குதா?" என்பார்.

மத்தளம் என்றது விளையாட்டுக்கு இல்லை. எங்கள் பக்கத்துக் கூத்துக் களரிகளில் அவருடைய மத்தளத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். வடமோடிக் கூத்தில் அரசன் வரவுக்கு அவர் அடி போட்டால் படுத்திருக்கிற சின்னப் பிள்ளையும் எழும்பி உட்காரும். ராவு முழுக்க நின்று அடித்துவிட்டு விடிய வந்து கடை திறப்பார். மத்தளத்தின் இடப்பக்கத்தை, இடந்தலையை, அடிக்கிற கையில்தான் அந்தத் தையல் போட்டார்கள். டொக்டர் மத்தளம் கூடாது என்று சொன்ன அன்றைக்கு ஒரு சொல்லும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து மத்தளத்தைத் தன் பழைய சாரனில் சுற்றிக் கூரை வளையில் கட்டித் தூக்கினார்.

மறுகா என்ன செய்தார் தெரியுமா, தங்கச்சியின் மகனைப் பாதையில் கூட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். வாவி கடக்கிற நேரம்தான் பாடம். வலது கையால் தன் தொடையில் தட்டுவார், இடந்தலையை வாயால் சொல்லுவார். மருமகன் பலகையில் தட்டுவான். பிழைத்தால் முதலிலிருந்து. பக்கத்தில் மோட்டார் சைக்கிளோடு நிற்கிறவர்கள், மீன் பெட்டிக்காரர், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாரும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவரும் சத்தம் போடாதே என்று சொன்னதில்லை. ஒரு மீன் வியாபாரி மட்டும் ஒருநாள், "அண்ணன், இண்டைக்குப் பொடியன் பிடிச்சிட்டான்" என்றார். அதுவும் கொப்பியில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் அவரைப் பார்த்த டொக்டர்மார், தாதிமார், மெசின் பகுதியில் வேலை செய்யும் தம்பிமார் எல்லாருக்கும் என் கும்பிடு. பல பேரை ஒரே நேரத்தில் பார்க்க வேண்டிய இடத்திலும் நீங்கள் அவரை "ஐயா" என்றுதான் கூப்பிட்டீர்கள். தண்ணி அளவு, உப்பு அளவு எல்லாம் பொறுமையாகச் சொல்லித் தந்தீர்கள். ஒரு நாளைக்கு ஒரு சின்னப் போத்தல் தண்ணிதான். தயிரும் வாழைப்பழமும் இல்லை, இளநீர் கூடவே கூடாது. மட்டக்களப்பில் பிறந்த மனிசனுக்கு இதைவிடப் பெரிய விரதம் இருக்குமா?

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். முதல் முதல் கால் வீங்கினபோது நாங்கள் காட்டின ஒரு இடத்தில், நாள் முழுக்க நின்று வேலை செய்கிறதால் வந்த வீக்கம் என்று நோவுக் குளிசை தந்து அனுப்பினார்கள். நாங்களும் அதை நம்பி, முடிய முடியக் கடையில் வாங்கிப் போட்டோம். ஒருவரும் பிரஷர் பார்க்கவில்லை, இரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. தெரியவந்தபோது சிறுநீரகம் சுருங்கிவிட்டது. யாரையும் குற்றம் சாட்ட இதை எழுதவில்லை. பிரஷரோ சீனியோ உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது சிறுநீரும் இரத்தமும் சோதியுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேற்றினின் எவ்வளவு என்று கேளுங்கள். நோவுக் குளிசையை உங்கள் பாட்டில் நாள்கணக்காகப் போடாதீர்கள். எங்களுக்கு இதை அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

2024 நவம்பர் வெள்ளத்தை மறக்க மாட்டேன். பாதை ஓடவில்லை, வெல்லாவெளி றோட்டும் தண்ணிக்குள். மெசினுக்குப் போய் 5 நாள் ஆகியிருந்தது. அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிட்டது. உழவு மெசின் பெட்டியில் வைக்கோல் போட்டு, அதன்மேல் பாய் போட்டு, அவரைப் படுக்க வைத்து, தண்ணிக்குள்ளால் போரதீவுப் பக்கம் கொண்டுபோய் பட்டிருப்புப் பாலத்தைக் கடத்திவிட்டீர்களே தம்பிமார், நாலு பேர் முன்னுக்கு இடுப்பளவு தண்ணியில் தடியால் றோட்டைத் தட்டித் தட்டி நடந்தீர்களே. உங்கள் வீடுகளுக்குள்ளேயும் அன்றைக்குத் தண்ணி. அதற்குப் பிறகு அவர் எங்களோடு இருந்த ஒவ்வொரு நாளும் நீங்கள் தந்தது.

அவருடைய நாலு தங்கச்சிமாரைப் பற்றி என்ன எழுத. 1978 நவம்பர் சூறாவளி தென்னையையும் வீட்டையும் கொண்டுபோனபோது அவருக்கு 14 வயது. பள்ளிக்கூடத்தை விட்டுக் கல்முனையில் ஒரு சைக்கிள் கடையில் தொழில் பழகப் போனார். பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது எங்கள் பக்கத்து வழக்கம். நாலு தங்கச்சிமாருக்கும் சுவர் எழுப்பின பிறகுதான் தனக்குக் கலியாணம் என்று இருந்தார். என்னைக் கட்டினபோது அவருக்கு வயது 33. "பிந்தி வந்தாலும் கடனில்லாமல் வந்திருக்கேன் புள்ள" என்றார். மச்சிமாரே, அவர் படுத்த 3 வருடமும் முறை வைத்து என் வீட்டு அடுப்பை எரித்தது நீங்கள். அண்ணனுக்கு உப்பில்லாத கறி சமைத்து, அவருக்கு ஆசை வரக்கூடாது என்று நீங்களும் அதையே சாப்பிட்டீர்கள். எனக்குக் கூடப்பிறந்த அக்கா தங்கச்சி இல்லை. அது எனக்கு ஒருநாளும் தெரியவரவில்லை.

மருதமுனை நானாவுக்கு. கல்முனையில் ஒரே பட்டறையில் சேர்ந்து தொழில் பழகிய இரண்டு பொடியன்கள் நீங்கள். 1990 சண்டையில் றோட்டு மூடி, ஊருக்கு ஊர் பயந்து கிடந்த காலத்தில் பேச்சுக்கூட இல்லாமல் போனது. ஓய்ந்த பிறகு இவர்தான் ஒருநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தார். நீங்கள் கதவைத் திறந்து, ஒன்றும் கேட்காமல் "சாப்பிட்டியா?" என்றதை அவர் எத்தனை தரம் சொல்லியிருப்பார். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு, கடல் வந்த ஊர்களில் உப்புத் தண்ணியில் ஊறின சைக்கிள்களை நீங்கள் இரண்டு பேரும் ஒரு மர நிழலில் இருந்து கழற்றி, சில்லுக் குண்டு மாற்றி, கிறீஸ் போட்டுக் கொடுத்தீர்கள். ஒருவரிடமும் சதக்காசு வாங்கவில்லை. அவரை அடக்கின அன்று மண் போட்டு முடியும் வரைக்கும் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றீர்கள். நான் கண்டேன் நானா.

மரணாதாரச் சங்கத்துக்கும், குழி வெட்டின பிள்ளைகளுக்கும், மூன்று நாளும் சோறும் மல்லித்தண்ணியும் கொண்டு வந்த அயலுக்கும், பனர் அடித்துக் கட்டின கழகப் பொடியன்களுக்கும், வெளிநாட்டிலிருந்து இரவில் எழும்பி அழைத்தவர்களுக்கும் நன்றி.

அமுதன்று இரவு, அவரோடு ஆடின கூத்தர்கள் வந்தார்கள். வயது போனவர்கள், ஒருவருக்குக் கண்ணும் தெரியாது. மருமகன் வளையிலிருந்து மத்தளத்தை இறக்கிச் சாரனை அவிழ்த்தான். சாரனில் இன்னும் கிறீஸ் மணம். வாரைப் பிடித்துப் பிடித்து நெடுநேரம் இறுக்கினான். காப்பு விருத்தம் மட்டும் பாடினார்கள். சல்லாரித் தாளம் போட ஒருவருக்கும் கை வரவில்லை, மத்தளம் மட்டும்தான். இடந்தலை விழுந்த இடம் சரியாக இருந்தது. பேரன் என் மடியில் இருந்து எழும்பிப் பார்த்தான்.

சரி, இனிக் கடை விசயம். கொப்பியின் முன்பக்கத்தில் இருக்கிற கடன்களை நாங்கள் கேட்க மாட்டோம். அந்தத் தாள்களை நான் கிழித்தாச்சு. பின்பக்கத்தில் இல்லாமல் யாரிடமாவது அவர் கைமாற்று வாங்கியிருந்தால், தயவுசெய்து வெட்கப்படாமல் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள், ஆதாரம் ஒன்றும் வேண்டாம். கடையில் இன்னும் 7 சைக்கிள் நிற்கிறது. மருமகன் எல்லாவற்றையும் செய்து வைத்திருக்கிறான். சிவப்பு லேடீஸ் சைக்கிளுக்குப் பின் ரயரும் புதிது, அவரே வாங்கி வைத்தது. பின்னேரம் 4 மணிக்குப் பிறகு கடை திறந்திருக்கும், வந்து எடுத்துக்கொண்டு போங்கள்.

மனைவி, பிள்ளைகள், தங்கச்சிமார், மருமக்கள்
மண்டூர்