சவ்வை மாற்றுமுன் கடலைப் பாருங்கள்

ஆசிரியருக்கு,

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் எங்கள் பழவேற்காடு பக்கம் கடலே டீ நிறத்துக்கு மாறிவிடும். காளங்கியும் ஆரணியாறும் ஏரியில் கொட்டும் வண்டல் முகத்துவாரம் வழியே கடலில் இறங்குகிறது. தெற்கே காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை 2010-ல் தொடங்கினார்கள். இந்தக் கடற்கரையில் இத்தகைய ஆலை எதுவானாலும், அதன் திறன் பற்றிய பேச்சு இந்தச் சேற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வீட்டு ஆர்.ஓ. மெஷினில் வெள்ளையாக மாட்டிய ஃபில்டர் பழுப்பாகி, குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆலையிலும் அதே கதைதான். ஆனால் அங்கே அழுத்தம் ஏறக்குறைய 60 பார், கார் டயரில் இருப்பதைப்போல் சுமார் 30 மடங்கு. உப்பைத் தடுத்து நல்ல நீரை மட்டும் விடும் மெல்லிய சவ்வில் அழுக்கு படியப் படிய அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், கரண்ட் செலவும் ஏறும். விலை உயர்ந்த புதுச் சவ்வு வாங்கி மாட்டினாலும், சவ்வுக்கு வருமுன் கடல்நீரைச் சுத்தம் செய்யும் முன்வடிகட்டல் சரியில்லை என்றால் அதுவும் சீக்கிரமே பழையதாகிவிடும். காற்றுக்குமிழ் விட்டு அழுக்கை மேலே மிதக்கவைக்கும் மிதப்பு முறையில் பாசியையும் எண்ணெயையும் நீக்குவது, நுண்வடிகட்டி போடுவது, மழைக்காலத்துக்குத் தனி அட்டவணை வைப்பது ஆகியவற்றுக்கு முதலில் பணம் ஒதுக்கட்டும்.

அப்புறம், குடிநீர் பிரிந்தபின் வெளியேறும் உவர்நீரில் இன்னும் நிறைய அழுத்தம் மிச்சமிருக்கும். அதைப் புது கடல்நீருக்கு மாற்றும் கருவிகள் இருக்கின்றன, பழைய பம்புகளோடு காலம் தள்ளத் தேவையில்லை.

ஒரு கிலோலிட்டருக்கு எத்தனை யூனிட் கரண்ட் செலவாகிறது என்பதை ஆலை வாசலில் தினமும் எழுதிப்போட்டால் என்ன? பால் சொசைட்டியில்கூட கொழுப்பு அளவை எழுதிக் கொடுக்கிறார்களே.

– ஒரு வாசகர், பழவேற்காடு