எங்களைக் கேட்காமல் அப்டேட் போடாதீர்கள்

அனுப்புநர்:
வரி ஆலோசகர் அலுவலகம், ஈரோடு

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்

பொருள்: ஜிஎஸ்டி கடைசி நாளில் தானாக ஏறிய அப்டேட்டால் அலுவலக வேலை முடங்கியது குறித்து.

ஐயா,

வணக்கம். உங்கள் கணக்கு மென்பொருளை 11 வருடமாகப் பயன்படுத்துகிறோம். ஒரு சர்வர், அதோடு லேனில், அதாவது அலுவலகத்துக்குள் இருக்கும் கணினி இணைப்பில், இணைந்த 9 கணினிகள். விசைத்தறி, சாயப்பட்டறை, மஞ்சள் மண்டி என்று 41 பேருக்கு மாதாமாதம் ரிட்டர்ன் போடுகிறோம்.

போன மாதம் 20-ஆம் தேதி, ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்தர வரி ரிட்டர்ன் போடக் கடைசி நாள். காலை 10.40 இருக்கும். வாசல் பக்கத்து மேசையில் இருக்கும் பெண் கொள்முதல் பில் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு மென்பொருளைத் திறந்தார். திரை நடுவில் ஒரு நீலப் பட்டை ஓட ஆரம்பித்தது. "புதிய பதிப்பு நிறுவப்படுகிறது" என்ற வரி மட்டும் இருந்தது. 'பிறகு' என்றோ 'வேண்டாம்' என்றோ ஒரு பட்டன் கிடையாது. "சார், நான் எதையும் அமுக்கலை சார்" என்று பதறி எழுந்து நின்றுவிட்டார். அவர் மேல் ஒரு தப்பும் இல்லை என்பதை இங்கே எழுத்தில் பதிவு செய்கிறேன்.

பட்டை முடிந்ததும் அவர் வழக்கம்போல ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் திறந்தார். அந்தக் கணக்கு சர்வரிலேயே புதிய வடிவத்துக்கு மாறிவிட்டது. அப்புறம் மற்ற 8 கணினிகளிலும் அதைத் திறக்க முடியவில்லை. அடுத்தடுத்து அவர் திறந்த கணக்குகளுக்கும் இதே கதிதான். என்ன நடக்கிறது என்று எங்களுக்குப் புரிவதற்குள் 6 கணக்குகள் மாறிவிட்டன.

உங்கள் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டேன். "எல்லா சிஸ்டத்துலயும் அப்டேட் போட்டுடுங்க, சரியாயிடும்" என்றார்கள். போட்டோம். 8 கணினிகளும் ஒரே கோப்பைத் தனித்தனியாக இணையத்திலிருந்து இறக்க ஆரம்பித்தன. இருப்பது ஒரே லைன். கடைசி நாளில் சாதாரணமாகவே திணறும் ஜிஎஸ்டி தளம் எங்களுக்கு அடியோடு திறக்காமல் போனது. ஓடிபி வந்து காலாவதியாகி, வாடிக்கையாளர்களை மறுபடி மறுபடி போனில் கூப்பிட்டுக் கேட்க வேண்டியிருந்தது. ராத்திரி 12 மணிக்குள் 37 பேருக்குத்தான் போட முடிந்தது. மீதி 4 பேருக்கு மறுநாள் போட்டோம்.

தாமதக் கட்டணம் ஒரு நாளைக்கு 50 ரூபாய். 4 பேருக்கும் நாங்களே கட்டுகிறோம், அந்தப் பணத்துக்காக இந்தக் கடிதம் இல்லை. அந்தக் கட்டணம் அடுத்த மாத ரிட்டர்னில் வந்து நிற்கும். 8 வருடமாக ஒரு நாள்கூடத் தவறாத ஒரு மண்டிக்காரர் அதைப் பார்த்து என்ன நினைப்பார்? அவருக்கு உங்கள் நிறுவனத்தைத் தெரியாது, எங்களைத்தான் தெரியும்.

இனி இப்படி நடக்காமல் இருக்க நாங்களும் முயன்று பார்த்தோம். அமைப்புகளில் தானியங்கி அப்டேட்டை நிறுத்தி வைத்தோம். அதையும் 9 கணினிகளிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்துதான் செய்ய வேண்டியிருந்தது. இரண்டு வாரத்தில் இன்னொரு சின்ன அப்டேட் வந்து அந்த டிக்கை மறுபடி போட்டுவிட்டது. சரி என்று ரவுட்டரில் உங்கள் அப்டேட் முகவரியைத் தடுத்தோம். லைசென்ஸ் சரிபார்ப்பும் அதே முகவரியில்தான் நடக்கிறதாம். மறுநாள் மென்பொருளே பூட்டிக்கொண்டது. காசு கொடுத்து வாங்கியதைத் திறக்கத் தடையை நாங்களே எடுத்துவிட வேண்டியதாயிற்று.

அப்டேட்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. 2017 மே மாதம் கணினிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் பரவியபோது, அதற்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தும் போடாமல் விட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டினார்கள். ஆனால் 2024 ஜூலை 19 அன்று ஒரே ஒரு தவறான அப்டேட் உலகம் முழுக்கச் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியதையும் பார்த்தோம். அதனால்தான் முதலில் ஒரு கணினியில் போட்டு, பில் அச்சு, ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றும் ஜேசன் கோப்பு எல்லாம் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றில் போட நினைக்கிறோம். உங்கள் மென்பொருள் அதற்கு வழியே விடுவதில்லை.

சர்வரில் ஒரே இடத்தில் அப்டேட்டை நிறுத்தவும் அனுமதிக்கவும் வசதி வேண்டும். ஒருமுறை இறக்கிய கோப்பை மற்ற கணினிகள் லேன் வழியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். விண்டோஸில் இது 2015-லிருந்தே இருக்கிறது. கணக்கின் வடிவத்தை மாற்றும் முன் கட்டாயம் கேட்க வேண்டும், பழைய பிரதி ஒன்றைத் தானாகவே எடுத்து வைக்க வேண்டும். லைசென்ஸ் சரிபார்ப்பை அப்டேட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். இதையெல்லாம் செய்யும்வரை, எங்கள் லைசென்ஸுக்கு மட்டுமாவது மாதம் 5-ஆம் தேதியிலிருந்து 25-ஆம் தேதிவரை அப்டேட்டை உங்கள் பக்கத்திலேயே நிறுத்தி வையுங்கள்.

வரும் 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனை விவர ரிட்டர்ன் போட வேண்டும். அதற்கு முன் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன். பிழைச் செய்தித் திரைகளின் படங்களையும், உதவி எண்ணில் பதிவான புகாரின் நகலையும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
வரி ஆலோசகர்
ஈரோடு