கோமுகம் போய் வந்தேன்

அன்புள்ள சங்கரா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்தது. உன் மூட்டுவலிக்கு எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளாதே, டாக்டரிடமும் காட்டு.

கங்கோத்ரி போய்விட்டு வந்தேன். கோயிலோடு திரும்பவில்லை, அங்கிருந்து 18 கிலோமீட்டர் நடந்து, பனியாறு முடிந்து கங்கை பாகீரதி என்ற பெயரில் புறப்படுகிற கோமுகம் வரைக்கும் போனேன். ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. அது நல்ல ஏற்பாடு. 4,000 மீட்டர் உயரத்தில் நாலு எட்டு வைத்தாலே இளைக்கிறது.

வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். சங்கரா, அந்தப் பனியாறு கறுத்துக் கிடக்கிறது! 30 கிலோமீட்டர் நீளம். முகப்பை ஒட்டி அதன் முதுகு முழுக்கக் கல்லும் மண்ணும். ஒடிந்த இடத்தில் மட்டும் உள்ளே நீலம் தெரிகிறது. அடியிலிருந்து பாகீரதி, அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கலாக, இரைந்துகொண்டு வருகிறாள். பனி நகரும்போது பாறையை அரைக்கிற மாவுதான் அந்த நிறம். பாளம் பாளமாக இடிந்து விழும் என்பதால் எட்ட நின்றே கும்பிட்டேன்.

1935-இல் அந்த முகப்பு எங்கே இருந்தது என்று அளந்து வைத்திருக்கிறார்கள். 1996-க்குள் அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்னால் போய்விட்டது. நான் கடைசியாகக் கல்லில் தட்டுத் தடுமாறி நடந்த தூரமெல்லாம் நம் தாத்தா காலத்தில் பனிக்கட்டி. அதை நினைத்ததும் கால் ஓடவில்லை, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கோடையில் உருகுவது எப்போதும் உள்ளதுதான். விழுகிற பனி அதை ஈடுகட்ட வேண்டும். பூமி சூடேறிப்போனதில் இப்போது வரவைவிடச் செலவு கூடிவிட்டது. உருகுகிறவரை தண்ணீர் தாராளமாகத்தான் தெரியும். அதற்குப் பிறகு கோடைக்கு என்ன இருக்கும்?

அங்கே உட்கார்ந்திருக்கையில் நம்ம பொதிகைதான் மனசில் ஓடியது. நமக்குப் பனி கிடையாது. சோலைக்காடும் புல்வெளியும் ரெண்டு பருவமழையையும் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதால்தான் தாமிரபரணி ஓடுகிறது. கார், பிசானம் என்று ரெண்டு போகம் நெல்லும் விளைகிறது. அந்தப் பனியை நீயும் நானும் போய் நிறுத்த முடியாது. இந்த ஆற்றுக்கு ஏதாவது செய்ய முடியும்.

ஆடி அமாவாசைக்கு மறுநாள் பாபநாசம் படித்துறையில், ஆற்றில் விட்ட துணிகளை அள்ளப் பையன்கள் சிலர் போகிறார்கள். நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நீயும் வாயேன். தண்ணீரில் இறங்க வேண்டாம், கரையில் இருந்து சாக்கைப் பிடித்தால் போதும். வருவதாக இருந்தால் முன்னாடியே எழுது.

உன்,
முத்து