தோட்டமும் பிரசங்கமும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பார்பரா கிங்சால்வரின் 'தி பாய்சன்வுட் பைபிள்' (1998) நாவலைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, பாப்டிஸ்ட் போதகர் நேதன் பிரைஸின் பிடிவாதத்தை மட்டுமே பெரிதாகப் பேசியது. 1959-இல் ஜார்ஜியாவிலிருந்து மனைவியையும் நான்கு மகள்களையும் காங்கோவுக்கு அழைத்துச் செல்லும் அவர், தோட்டத்தில் உள்ளூர்ப் பெண்ணொருத்தி இரவோடிரவாகக் குவித்துவைத்த மண்மேடுகளைச் சமன்படுத்திவிட்டு, பிறகு பெருமழையில் அத்தனை விதைகளையும் பறிகொடுக்கும் இடம்தான் என்னைப் பொறுத்தவரை நாவலின் உயிர்நாடி. அதே அலட்சியத்தில்தான் 'பங்காலா' என்ற உள்ளூர் மொழிச் சொல்லைத் தவறாக உச்சரித்து, அருமையானவர் என்று போற்ற நினைத்த இயேசுவை நச்சுமரம் என்று பிரசங்கத்தில் முழங்குகிறார் ('பாய்சன்வுட்' என்றால் நச்சுமரம்; தலைப்பின் சிலேடையும் இதுவே). ஆனால் கதையைச் சொல்பவர்கள் மனைவியும் மகள்களும்தான்; போதகருக்கு ஓர் அத்தியாயம்கூட இல்லை. இதைக் கட்டுரையாளர் ஒரே வரியில் கடந்து போனது எனக்கு வருத்தமே.

இப்படிக்கு,
ஒரு வாசகர்