மைக் வாங்கப் பணம் உண்டு, கற்றுக்கொடுக்க இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உலக வானொலி தினத்தையொட்டி, ஒரு பகுதி மக்களுக்காக அந்தப் பகுதியிலேயே நடக்கும் சமுதாய வானொலிகள் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை எங்கள் நிலையத்தில் எல்லோரும் உட்கார்ந்து படித்தோம். நான் டெல்டாவில் ஒரு சிறிய சமுதாய வானொலியின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர். அதற்கு முன்பு அகில இந்திய வானொலியில் பகுதிநேர அறிவிப்பாளராக இருந்தவள். 2004 பிப்ரவரியில் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம்., தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தக் கதவைத் திறந்த 2006 கொள்கை, பாம்பன் மீனவர்களுக்கான கடல் ஓசை என்று எல்லாவற்றையும் எழுதியிருந்தீர்கள். மகிழ்ச்சி. ஆனால் நிகழ்ச்சி செய்கிறவர்களை யார், எப்படி உருவாக்குகிறார்கள் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எங்களிடம் வருகிறவர்கள் மகளிர் குழுப் பெண்கள், படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள். பேசத் தெரியாதவர் யாரும் இல்லை. மைக் முன்னால் உட்கார்ந்தால்தான் பேச்சுப்போட்டிக் குரல் வந்துவிடும். ‘அன்பார்ந்த நேயர்களே, விவசாயம் நாட்டின் முதுகெலும்பு’ என்று ஆரம்பிப்பார்கள். “அதெல்லாம் வேண்டாம், நேத்து உங்க வயல்ல என்ன நடந்துச்சுன்னு எதிர்வீட்டு அத்தைகிட்ட சொல்ற மாதிரி சொல்லுங்க” என்பேன். இதற்கே சிலருக்கு ஒரு மாதம் ஆகும்.

அப்புறம் ஒலிப்பதிவு. மின்விசிறியை நிறுத்த வேண்டும், மோட்டார் கொட்டகைப் பக்கம் பேட்டி எடுக்கக் கூடாது, எதிராளி பேசும்போது ‘ம்... ஆமா’ போடாமல் தலையை மட்டும் ஆட்ட வேண்டும். பேட்டி முடிந்து நன்றி சொன்னதும் பதிவை நிறுத்திவிடக் கூடாது, ஆட்கள் மனதில் உள்ளதைப் பேசுவது அதற்குப் பிறகுதான். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நடவு பற்றி வயதான அம்மா ஒருவரைப் பேட்டி எடுத்தாள். கேட்ட கேள்விக்கெல்லாம் ஒற்றை வரியில் பதில். நன்றி சொன்ன பிறகுதான் அந்த அம்மா, நடவு இயந்திரம் வந்த வருஷம் தன் கூலி என்ன ஆனது என்று பேசத் தொடங்கினார். நிகழ்ச்சியே அதுதான். அவரிடம் மறுபடி போய்ப் போட்டுக்காட்டி, ஒலிபரப்பலாமா என்று கேட்டு வரச் சொன்னேன். அதுவும் பாடம்தான்.

எடிட்டிங்கில் வேறு கதை. ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் பழகிய ஜோரில் மூச்சு விடும் சத்தத்தையெல்லாம் வெட்டிவிடுவார்கள். கேட்டால் ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி இருக்கும். எந்த மூச்சை விட்டுவைக்க வேண்டும், எந்த மௌனத்தைத் தொடக் கூடாது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்லித்தர முடியும். விதிகளையும் சொல்ல வேண்டும். சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கூடாது, அகில இந்திய வானொலிச் செய்தியை அப்படியே எடுத்து ஒலிபரப்பலாம். ஆனால் வானிலை, மின்தடை, குடிநீர் விநியோகம், தேர்வு அறிவிப்பு எல்லாம் செய்தியில் சேராது. மழைக்காலத்தில் இந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாத பிள்ளையைத் தனியாக மைக் முன் விட முடியாது.

இதற்கெல்லாம் ஆகும் நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை. 2024-இல் விதிகளை மாற்றி, மணிக்கு 7 நிமிடமாக இருந்த விளம்பர நேரத்தை 12 நிமிடமாக்கினார்கள். 10 விநாடிக்கு 52 ரூபாயாக இருந்த கட்டணம் 74 ஆனது. நல்லதுதான். ஆனால் அந்தக் கணக்கு ஒலிபரப்பான விநாடிக்கு மட்டும். திட்டங்களுக்காக நிகழ்ச்சி கேட்கும் துறைகளும் நிறுவனங்களும் முடிந்த பாகத்துக்குத்தான் தொகை போடுகின்றன. புதியவர் ஒருவர் 12 நிமிட நிகழ்ச்சிக்காக வாரம் முழுக்க அலைந்து, அது தேறாமல் போனால் அவர் கைக்காசு போனதுதான். ஓரளவு தேறிய நேரத்தில் டவுனில் ஜவுளிக்கடை வேலை கிடைத்துப் போய்விடுவார். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் பழைய நிகழ்ச்சியை மறு ஒலிபரப்பு செய்வோம், அல்லது வெளியூரிலிருந்து தயாராக வரும் ஒலித்துண்டைப் போடுவோம். அதில் பேசுகிறவருக்கு எங்கள் ஊரில் குறுவைக்கு எப்போது நாற்று விடுவார்கள் என்பதே தெரியாது.

பயிலரங்கு நடத்துகிறார்களே என்பார்கள். மூன்று நாள் ஓட்டலில் உட்கார வைத்து, பை ஒன்றும் சான்றிதழ் ஒன்றும் தந்து அனுப்புகிறார்கள். நான்காம் நாள் அந்தப் பிள்ளை எடுத்து வரும் பதிவைக் கேட்டு, இந்த இடம் நன்றாக இருக்கிறது, இந்த இடம் இழுக்கிறது என்று சொல்ல ஆள் வேண்டாமா?

ஆடுதுறை 27 ரகத்தைத் தஞ்சை விவசாயிகள் ‘ரேடியோ நெல்’ என்றே சொன்னார்கள். அந்த அளவுக்கு அதை வயல்வரை கொண்டு சேர்த்தது வானொலி. அந்த மரபில் வேலை பழகி ஓய்வு பெற்ற நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் திருச்சியிலும் மதுரையிலும் நெல்லையிலும் இருக்கிறார்கள். வாரம் ஒரு நாள் அருகிலுள்ள சமுதாய வானொலியில் வந்து உட்கார, பயணச் செலவும் சிறு மதிப்பூதியமும் கொடுத்தால் அவர்களில் பலர் வருவார்கள். அரசோ நிறுவனமோ எந்தத் திட்டத்துக்கு நிகழ்ச்சி கேட்டாலும், பயிற்சித் தயாரிப்பாளருக்கு ஆறு மாத உதவித்தொகை என்று ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். ஒலிபரப்பாகாத பதிவுக்கும் அதில் இடம் இருக்க வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். முன்பெல்லாம் நாளிதழ்களில் வானொலி நிகழ்ச்சி நிரல் வரும். உங்கள் மாவட்டப் பதிப்பில் வாரம் ஒரு நாளாவது அந்தந்தப் பகுதி சமுதாய வானொலியின் நிரலை வெளியிடுங்கள். நிகழ்ச்சிப் பெயருக்குப் பக்கத்தில் தயாரித்தவர் பெயரையும் போடுங்கள். பட்டியலை நாங்களே தட்டச்சு செய்து வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறோம்.

இப்படிக்கு,
சமுதாய வானொலி நிகழ்ச்சிப் பொறுப்பாளர்,
நாகப்பட்டினம் மாவட்டம்