இரண்டு சாவிப் பெட்டி

தேவகோட்டை,
28.10.2020

அன்புள்ள வக்கீலுக்கு,

உன் கடிதம் சரஸ்வதி பூசைக்கு முந்தின நாள் வந்தது. முழங்கால் பரவாயில்லை. வளவு முற்றத்தில் காலையும் மாலையும் பத்துச் சுற்று நடக்கிறேன், அவ்வளவுதான் என் ஊர் சுற்றல்.

அமெரிக்க உச்ச நீதிமன்றக் கூத்தைப் பார்த்தாயா என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். அதிபர் நியமிக்கும் நீதிபதியை அங்கே மேல்சபையான செனட் ஏற்க வேண்டும்; நேற்று முன்தினம் செனட்டில் 52-48 என்று டிரம்ப் நியமித்த பேரட் அம்மா நீதிபதியாகத் தேறி, அன்று இரவே பதவிப் பிரமாணமும் எடுத்தாயிற்று. தேர்தலுக்கு எட்டு நாள்தான் பாக்கி. கணக்கு வாத்தியார் புத்தி விடுமா? காலண்டரை எடுத்து எண்ணினேன். 2016-ல் நீதிபதி ஸ்காலியா இறந்தபோது தேர்தலுக்கு 269 நாள் இருந்தது. அதிபர் ஒபாமா அந்த இடத்துக்குக் கார்லண்டை நியமித்தார். செனட்டில் பெரும்பான்மை வைத்திருந்த எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் மெக்கானல், மக்கள் புது அதிபரைத் தேர்ந்தெடுக்கட்டும் என்று சொல்லி, அந்த மனிதரைக் கூப்பிட்டு ஒரு கேள்விகூடக் கேட்கவிடவில்லை. இந்த வருஷம் நீதிபதி கின்ஸ்பர்க் இறந்தபோது மிச்சம் 46 நாள். அது போதும் என்றாகிவிட்டது. அதிபரும் செனட்டும் ஒரே கட்சி, அதனால் கதை வேறு என்கிறார் மெக்கானல். அவர் கட்சி செனட்டர் லிண்ட்சே கிரஹாம் 2016-ல், நாளைக்கு எங்கள் ஆள் அதிபராக இருந்து கடைசி வருஷத்தில் இடம் காலியானால் இதே பேச்சை எனக்கு எதிராக எடுத்துக்காட்டுங்கள் என்று தானே சொன்னவர். இந்தத் தடவை விசாரணைக் குழுவுக்கே அவர்தான் தலைவர்!

எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. ஸ்காலியாவின் நாற்காலி ஒரு வருஷத்துக்கு மேல் காலியாகக் கிடந்ததே, அந்தக் காலத்தில் மிச்சமிருந்த எட்டு நீதிபதிகள் நாலுக்கு நாலாகப் பிரிந்தால் கீழ்க்கோர்ட் தீர்ப்பு அப்படியே நிற்கும். ஒபாமாவின் குடியேற்றத் திட்டம் 2016 ஜூனில் அப்படித்தான் முடங்கியது. ஆள் உட்காராத நாற்காலியும் ஓட்டுப் போடுகிறது, பார்த்தாயா.

இதைச் சொல்லும்போது நம் கோயில் ஞாபகம்தான் வருகிறது. நகைப் பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஆளுக்கொரு சாவி, கோயிலை நிர்வகிக்கும் இரண்டு காரியக்காரரும் நின்றால்தான் திறக்கும் என்பது உனக்குத் தெரியும். நம் மேலத்தெருக் காரியக்காரர் பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டார். சாவி அவர் வீட்டு ஆச்சியிடம், முந்தானை முடிச்சில். ஊர் கூடி ஆளை வைக்காமல் கொடுக்க மாட்டேன் என்கிறார், அதுவும் நியாயம்தான். முதலில் ஊரடங்கு என்றார்கள். அது தளர்ந்த பிறகும் கூட்டம் இல்லை. மலேசியாவில் மாட்டிக்கொண்டவர்கள் திரும்பட்டும் என்கிறது கீழத்தெரு. வந்தால் புள்ளிக் கணக்கு, அதாவது குடும்பத் தலைக்கணக்கு, அவர்கள் பக்கம் சாயும், அதுதான் விஷயம். இந்த நவராத்திரி ஒன்பது நாளும் அம்மன் கழுத்தில் அட்டிகை இல்லை. மஞ்சள் கயிறும் ரோஜா மாலையும்தான். தீபாராதனை நேரத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கீழத்தெருவை மட்டும் திட்டி எழுதினால் நீ சிரிப்பாய். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நம் பக்கம் புள்ளி குறைந்தபோது, சென்னையிலிருந்து ஆட்கள் வரட்டும் என்று கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லி மனு எழுதியதே நான்தான். எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தது நீ. அங்கேயும் அப்படித்தான்: கீழ்க்கோர்ட் நீதிபதிகளுக்கு வெறும் பெரும்பான்மை போதும் என்று 2013-ல் விதியை மாற்றியது ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட். 2017-ல் மெக்கானல் அதையே உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டி, ஸ்காலியாவின் நாற்காலிக்குக் கோர்சச்சைக் கொண்டுவந்தார்.

நம் டெல்லி உச்ச நீதிமன்றத்தில் இந்தச் சத்தமே இல்லை. 34 இடத்தில் இன்று நாலு காலி. புதுக்கோட்டையில் செஷன்ஸ் நீதிபதியாக இருந்து சாமியார் பிரேமானந்தா வழக்கில் தீர்ப்புச் சொன்ன பானுமதி அம்மா ஜூலையில் ஓய்வு பெற்றார். அந்த இடமும் அதில் ஒன்று. தெருவில் யாருக்காவது தெரியுமா? கொலீஜியம் என்று மூத்த ஐந்து நீதிபதிகள் அறைக்குள் புது நீதிபதிகளின் பெயர் எழுதுகிறார்கள், அரசாங்கம் கோப்பின்மேல் உட்கார்ந்துகொள்கிறது. உத்தரகண்டில் குடியரசுத் தலைவர் ஆட்சி செல்லாது என்று சொன்ன உயர் நீதிமன்ற நீதிபதி கே.எம். ஜோசப்பின் பெயர் 2018 ஜனவரியில் அரசாங்கத்துக்குப் போனது. திருப்பி அனுப்பினார்கள். மறுபடி அனுப்பி ஆகஸ்டில் பதவியேற்றபோது, அவருக்குப் பின்னால் பரிந்துரைக்கப்பட்ட இரண்டு பேர் அவருக்கு மூத்தவர்களாகிவிட்டார்கள். வரிசையை மாற்றினாலே போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம். நீதிபதி நியமனத்தில் அரசாங்கத்துக்கும் பங்கு தந்த ஆணையச் சட்டத்தை நாலுக்கு ஒன்று என்று ரத்து செய்தார்களே, அந்த 2015 தீர்ப்பில் நீ மாறுபட்ட நீதிபதி செலமேஸ்வர் பக்கம் நின்றவன். அன்று நால்வர் பக்கம் நின்று உன்னோடு சண்டை போட்டேன். இன்றைக்கும் அரசாங்கத்தின் கையில் கொடுக்க மனசு வரவில்லை, ஆனால் அந்த அறைக்கு ஒரு ஜன்னலாவது வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சரி, ஒரு காரியம். இறந்த காரியக்காரரின் சாவியைத் தற்காலிகமாக யாரிடம் கொடுக்கலாம் என்று நம் கோயில் சாசனத்தில் ஏதாவது இருக்கிறதா? உன் அலமாரியில் நகல் இருக்குமே, பார்த்து எழுது. மேலத்தெருவுக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும் எழுது.

மருமகள் கவுனி அரிசி எடுத்து வைத்திருக்கிறாள். பஸ் ஓட ஆரம்பித்துவிட்டது, வா.

உன்,
கணக்கு வாத்தியார்