இசைத்துறைகளின் பழைய ஏடுகளுக்கு இப்போதே அட்டவணை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிதம்பரத்தில் 1929-இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 2029-இல் நூற்றாண்டைத் தொடுகிறது. 1932-இல் தொடங்கப்பட்ட சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறையின் நூற்றாண்டும் அதையடுத்து வருகிறது. விழா மலருக்குக் கட்டுரை கேட்டுக் கடிதம் அனுப்புவதற்கு முன்பாக, நம் பல்கலைக்கழக இசைத்துறைகள் ஒவ்வொன்றும் தம்மிடமுள்ள பழைய ஆவணங்கள் எவை, எந்நிலையில் உள்ளன என்று முறையாகக் கணக்கெடுத்து வெளியிட வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வேண்டுகோள்.

குருகுலத்தில் பாடம் வாய்வழியாகவே நடந்ததால் அங்கே காகிதம் மிகக் குறைவாகவே மிஞ்சியது. இசை பல்கலைக்கழகத்துக்குள் வந்த பிறகுதான் சேர்க்கைப் பதிவேடு, பாடத்திட்டம், வினாத்தாள், ஆட்சிக்குழுத் தீர்மானம் என்று எழுத்துச் சான்றுகள் சேரத் தொடங்கின. மகா வைத்தியநாத ஐயரின் மாணவர் சபேசய்யர், இசை, நடன ஆசான்களான தஞ்சை நால்வர் எனும் சகோதரர்களின் மரபில் வந்த பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார், பின்னாளில் தண்டபாணி தேசிகர் ஆகியோர் சிதம்பரத்தில் கற்பித்தார்கள் என்பதைப் பலரும் அறிவர். ஆனால் எந்த ஆண்டில் எந்தக் கீர்த்தனைகள் பாடமாக இருந்தன, எந்த ராகத்துக்குப் பிறகு எந்த ராகம் வந்தது என்பதையெல்லாம் பாடத்திட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் சொல்ல முடியும். 1941-இல் அதே வளாகத்தில், தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் கோரிய தமிழிசை மாநாடு கூடிய பின், தமிழில் கீர்த்தனைகள் இயற்றிய முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை பாடல்கள் வகுப்பறையில் எவ்வளவு இடம் பெற்றன என்ற கேள்விக்கும் விடை அங்கேதான் இருக்கும். தமிழ்ப் பாடல்களின் இடம் பற்றிய இந்த விவாதத்தை இன்றுவரை நாம் பெரும்பாலும் செவிவழிச் செய்திகளைக் கொண்டே நடத்தி வருகிறோம். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

மாணவர்களின் ஸ்வரக் குறிப்பேடுகளையும் ஆவணமாகவே கருத வேண்டும். நான் பார்த்த ஒரு குறிப்பேட்டில், மாணவர் பென்சிலால் எழுதிய சங்கதி (பாடல் வரியை மாற்றிப் பாடும் வடிவம்) ஒன்றை ஆசிரியர் மையால் அடித்துவிட்டு, பக்க ஓரத்தில் வேறொரு பிடியை (ராகத்தைக் காட்டும் ஸ்வரத் தொடரை) எழுதி, அதன்மேல் கமகத்துக்கு, அதாவது ஸ்வர அசைவுக்கு, ஒரு வளைகோடும் போட்டிருந்தார். அச்சிட்ட எந்தப் புத்தகத்திலும் அந்தத் திருத்தம் கிடைக்காது. ஒரு பாடாந்தரம், அதாவது குருவழியில் வரும் பாட்டு வடிவம், கைமாறிய விதத்தை அந்த ஓரக்குறிப்பு நேரடியாகக் காட்டுகிறது.

காகிதமாவது சில காலம் பொறுக்கும், ஒலிநாடாக்கள் பொறுக்கா. அசிடேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் கொண்ட பழைய ஸ்பூல் (சுருள்) நாடாக்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து வினிகர் வாடை வீசத் தொடங்கும். அந்த ஆவி பக்கத்திலுள்ள நாடாக்களையும் கெடுக்கும் என்பதால் அவற்றை உடனே பிரித்து வைக்க வேண்டும். பிற்காலத்து பாலியெஸ்டர் நாடாக்கள் சிலவற்றில் காந்தப் பூச்சைப் பிடித்திருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிக் கொழகொழத்துவிடுவதால், ஆர்வக் கோளாறில் பழைய கருவியில் ஓட்டிப் பார்த்தாலே பூச்சு உரிந்து, அதிலிருக்கும் பாட்டும் போய்விடும். ஆகவே இந்த வேலையைப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும். ஒருமுறை செய்யும்போதே 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த டிஜிட்டல் தரத்தில் பதிவாக்கி, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பிரதி வைக்க வேண்டும்.

1900-இல் பெர்லின் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்ல் ஸ்டும்ப், அந்நகருக்கு வந்திருந்த சயாம் (இன்றைய தாய்லாந்து) நாட்டுக் கலைக்குழுவின் இசையை மெழுகு உருளைகளில் பதிந்தார். அங்கிருந்து வளர்ந்த காப்பகத்தின் தொகுப்பு 1999-இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டில் இடம்பெற்றது. ஒரு பல்கலைக்கழகத் துறையின் அலமாரியில் தொடங்கிய சேகரம் அந்த அளவுக்கு உயர முடியுமென்றால், நம் துறைகளின் சேகரங்களைக் கழிவுக் காகிதத்தோடு சேர்த்து ஏலத்துக்கு அனுப்பும் நிலை எங்கும் வரக் கூடாது.

எண்ணிமமாக்கும் (டிஜிட்டலாக்கும்) பணிக்குப் பெரும் நிதி வேண்டும் என்பது உண்மையே. எது எது இருக்கிறது என்று பட்டியலிடும் அட்டவணைக்கு அது தேவையில்லை. ஓர் ஆய்வு மாணவரும் ஒரு நூலகரும் பொறுப்பேற்றாலே தொடங்கிவிடலாம். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் ஆலோசனையையும் கேட்கலாம். சேர்க்கைப் பதிவேடுகளிலுள்ள தனிப்பட்ட விவரங்களைக் காத்து, கலைஞர்களின் குடும்பத்தாரிடம் ஒப்புதல் பெற்று, மற்றவற்றை ஆய்வாளர்கள் பார்க்க வழிசெய்யலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னதாக, பெட்டி மூடியில் “தோடி – ஆலாபனை” என்பதைத் தவிர வேறெதுவும் எழுதப்படாத நாடாக்களில் யார் பாடுகிறார், யார் வயலின் வாசிக்கிறார் என்று அடையாளம் சொல்லக்கூடிய முதிய முன்னாள் மாணவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யும் பணியை இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்குமாறு துணைவேந்தர்களையும் உயர்கல்வித் துறையையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசை விரிவுரையாளர் ஒருவர்